மறியல் வாரத்தில் பட்டினி கிடந்த பாக்டீரியா

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள். கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் நான் தற்காலிக டெக்னீஷியன். செல்லுக்குள் புரதம் தயாராவதற்கு பாலிஅமீன் என்ற நுண்பொருள் கைகொடுக்கிறது. அதைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாத ஒரு பாக்டீரியா எங்களிடம் இருந்தது. ஒரு டியூபில் பாலிஅமீன் போடுவேன், இன்னொன்றில் போடமாட்டேன். எவ்வளவு புரதம் உருவானதோ அவ்வளவு மஞ்சள் நிறம் வரும்.

போடாத டியூப் வெளுத்திருக்க வேண்டும். பாழாய்ப்போனது, அதுவும் மஞ்சளாகவே வந்தது. மூன்று தடவை செய்தும் அதே கதை.

சென்னைக்குக் கிளம்பும்போது புரொபசர் கடுகடுத்தார். "நான் திரும்பி வரும்போதும் ரெண்டும் ஒரே கலர்னா, புராஜெக்ட்ட மூடிடலாம்யா."

புராஜெக்ட் போனால் என் வேலையும் போச்சு.

மறுநாளே சாலை மறியல். தியாகதுருகம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, புரொபசராலும் திரும்பி வரமுடியவில்லை. லேபிலேயே தங்கியிருந்த என்னைத் தவிர, கண்ணாடிச் சாமான் கழுவும் அஞ்சலை மட்டும் கருணாபுரத்திலிருந்து நடந்தே வந்தாள். நாலாம் நாள் அவளை விசாரித்தேன்.

"கடையெல்லாம் மூடிக் கிடக்கு, சாப்பாட்டுக்கு என்னம்மா பண்றீங்க?"

"மொத மூணு நாளு ஒண்ணும் தெரியல சார். பானையில அரிசி இருந்துது, தின்னுக்கினு கெடந்தோம். இன்னிக்குத்தான் பானை காலி. மறியல்னா இன்னான்னு இப்பத்தான் தெரியுது!" என்று சிரித்தாள்.

எனக்குச் சுரீரென்றது. அட மடையா! பாலிஅமீன் தாராளமாக உள்ள கரைசலில் வளர்ந்த பாக்டீரியாக்களை நேராக எடுத்தல்லவா சோதித்துக்கொண்டிருந்தேன்? அவையும் செல்லுக்குள் சேர்த்துவைத்திருந்த பாலிஅமீனை, பானை அரிசி மாதிரி, தின்றுகொண்டிருந்தன.

என் அரிசியில் பாதியை அஞ்சலைக்கு அளந்து கொடுத்துவிட்டு வேலையில் இறங்கினேன். பாலிஅமீனே இல்லாத கரைசலில் ஒரு சொட்டு பாக்டீரியா கல்ச்சர். அது மெதுவாக வளர்ந்ததும் அதிலிருந்து புதுக் கரைசலில் ஒரு சொட்டு. இப்படியே தினமும். பழைய இருப்பு பிள்ளை, பேரன் என்று பங்கு பிரிந்து கரைந்தது.

மரங்களை அகற்றி பஸ் ஓடியதும் புரொபசர் வந்தார். பாலிஅமீன் போட்ட டியூப் மஞ்சள் கரைத்ததுபோல் இருந்தது. போடாதது கஞ்சித் தண்ணீராக வெளுத்திருந்தது.

"என்னய்யா பண்ண?"

நான் வாய் திறப்பதற்குள் தொட்டிப் பக்கமிருந்து அஞ்சலை குரல் கொடுத்தாள். "பட்டினி போட்டுக்கினு இருந்தாரு சார்!"

வேலை தப்பியது. அன்றைக்கே லேப் சுவரில் சாக்பீஸால் 'பானை காலியா?' என்று எழுதிவைத்தேன். ஒரு பொருளை நாம் போடவில்லை என்பதால் அது அங்கே இல்லை என்று ஆகிவிடாது. பிறகு வேலை நிரந்தரமாகி நான் ஓய்வு பெறும்வரை, எழுத்து அழியும்போதெல்லாம் அஞ்சலைதான் ஞாபகப்படுத்தி மறுபடி எழுதவைப்பாள்.