போர்விமானத்துக்கு ஒரு தேசிக்காய்

சந்திரகுமாருக்குப் போர்விமானம் என்றாலே ஆகாது. ஆனாலும் மனுசன் பல வருடமாக அதைத்தான் திருத்திச் சம்பளம் எடுக்கிறார். யாழ்ப்பாணத்தில் குண்டுபோடும் பொம்மர் இரைச்சலுக்குப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தவருக்கு, நோர்வேயில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் வாங்கிய வீட்டுக்குக் கிட்டக் கிடைத்த நல்ல வேலை அதுதான். புகலிடம் தந்த நாட்டுக்கு நன்றிக்கடன் என்று வாயை மூடிக்கொண்டு நட்டு முறுக்கினார்.

அந்தத் தை மாதம், நோர்வே உக்ரேனுக்குக் கொடுக்கும் பழைய விமானம் ஒன்றைத் தயார்செய்து முடித்தார். அதை ஓட்டிப் பார்க்கத் தராஸ் என்ற உக்ரேன் விமானி வந்திருந்தான். சாப்பாட்டு நேரத்தில் தாயோடு கைபேசியில் கதைத்தான். அந்த அம்மா குண்டுக்குப் பயந்து நிலவறைக்குள் இருந்தாள். திரையில் அவளைக் கண்டதும் சந்திரகுமாருக்கு நெஞ்சு கரைந்துபோனது. இந்தப் பொடியன் பத்திரமாகத் திரும்ப வேண்டும்.

அன்று பின்னேரமே மனைவி மங்களேஸ்வரியிடம் தேசிக்காய் கேட்டார். புதுக் கார் வாங்கினால் எலுமிச்சையைச் சில்லுக்கடியில் வைத்து நசுக்கும் வழக்கத்தை ஒஸ்லோத் தமிழர் இன்னும் விடவில்லை.

“இஞ்சாருங்கோ, பிளேனுக்கும் தேசிக்காயோ? ஆரும் கண்டா வேலை போயிடுமப்பா!”

“ஆர் காணப்போகினம்? நீர் தாரும்.”

கண்டார்கள். விடியும்வரை காருக்குள் கிடந்த தேசிக்காய் கொடுங்குளிரில் கல்லாக உறைந்திருந்தது. அதை அப்படியே விமானத்தின் சில்லுக்கடியில் வைத்தார்; சில்லு உருண்டதும் நசுங்காமல் தெறித்து, இரைந்துகொண்டிருந்த இயந்திரத்தின் காற்றை உறிஞ்சும் வாய்க்கு முன்னால் போய் நின்றது. ஒரு திருகாணி உள்ளே போனாலே இயந்திரம் நாசம். தினமும் ஓடுதளத்தில் திருகாணி பொறுக்குகிற மனுசன் செய்த வேலையைப் பாருங்கள்! மேற்பார்வையாளர் லீசா கைகளை உயர்த்திச் சைகை காட்ட, தராஸ் இயந்திரத்தை நிறுத்தினான்.

“யார் வைத்தது?” என்று கேட்டாள் லீசா.

“நான்தான்,” என்றார் சந்திரகுமார். லீசா அவருடைய நுழைவு அட்டையை வாங்கிக்கொண்டாள். வேலை போச்சு என்று அவருக்கு விளங்கிவிட்டது.

இறங்கி வந்த தராஸ் ஏன் வைத்தீர்கள் என்று கேட்டான். வழக்கத்தைச் சொன்னார். “நீ உயிரோடை திரும்பி வரவேணும் எண்டு வைச்சனான். கடைசியிலை நானே உன்னைக் கொல்லப் பாத்தன். மன்னிச்சுக்கொள்.”

தராஸ் லீசாவிடம் திரும்பினான். “நிறையப் பேர் என்னை இந்த விமானத்தோடு நிறுத்திப் படம் எடுத்தார்கள். வென்று வா என்றார்கள். திரும்பி வா என்று இவர் ஒருவர்தான் சொல்கிறார். இவரை அனுப்பிவிடாதீர்கள்.”

ஒளிக்காமல் ஒத்துக்கொண்டதற்காக விடுகிறேன், இன்னொரு முறை நடந்தால் நானே வெளியே தள்ளுவேன் என்று சொல்லி லீசா அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். சந்திரகுமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. பொழுதுபடும்வரை விரல் விறைக்க விறைக்க இயந்திரத்தைச் சோதித்தார்.

அடுத்த நாள் விமானம் மேலே எழுந்தது. அது இறங்கும்வரை அவர் பனிக்குள் அசையாமல் நின்றார். தராஸ், காத்திருந்த அதிகாரிகளை விட்டுவிட்டு நேரே அவரிடம் வந்தான்.

“வந்துவிட்டேன்,” என்றான்.

சந்திரகுமார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.