உலைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை

மணலிப் பக்கம் நான் வேலை பார்க்கும் இரும்புப் பட்டறையில் கம்ப்ரசர் என் பொறுப்பு. காற்றை அழுத்தி டேங்கில் அடைத்து, குழாய் வழியாக மெஷின்களுக்கு அனுப்புகிற இயந்திரம் அது. போன கோடையில், கரண்டை எங்கெல்லாம் மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்க ஒரு பெண் இன்ஜினியரை முதலாளி வரவழைத்தார். உங்களில் பெரியவளைவிட நாலைந்து வயசு கூட இருக்கும், பிள்ளைகளா.

ஞாயிற்றுக்கிழமை வந்தது அந்தப் பொண்ணு. மெஷின் எல்லாம் நிறுத்தியிருந்தோம். டேங்க் நிரம்பியதும் கம்ப்ரசர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடியது.

"யாருமே வேலை செய்யல. இது யாருக்காகண்ணா ஓடுது?"

குழாய் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவினோம். காற்று கசிகிற இடத்தில் நுரை பொங்கியது. அங்கெல்லாம் அந்தப் பொண்ணு சாக்பீஸால் வட்டம் போட்டது.

உலைப் பக்கம் வந்ததும் என் கை தயங்கியது. அங்கே குழாயில் ஒரு ஓட்டை உண்டு. தானாக விழுந்ததில்லை, நான் டிரில் போட்டது. உலையில் நிற்கிறவன் என் தோஸ்து. முந்தின வருஷம் அனலில் இரண்டு தடவை மயங்கி விழுந்தான். ஃபேன் கேட்டோம், வரவில்லை. அதனால் அவன் முதுகில் காற்று படுகிற மாதிரி ஓட்டை போட்டு, வெளியே தெரியாமல் சாக்கைத் தொங்கவிட்டேன்; காற்றுச் சத்தம் உலை இரைச்சலில் அடங்கிவிடும்.

உலையை ஆறவிடக் கூடாது என்பதால் ஞாயிறும் அவன் அங்கே இருந்தான். "மாமு, இங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லு," என்றான் மெல்ல. "இதையும் புடுங்கிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

நான் தாண்டிப் போனேன். வட்டம் போட்ட இடத்தையெல்லாம் அடைத்தோம். அப்படியும் கம்ப்ரசர் ஓடியது. அந்தப் பொண்ணு என்னைச் சந்தேகப்படவில்லை. தான்தான் எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சாக்கை விலக்கிக் காட்டிவிட்டேன்.

அந்தப் பொண்ணு திட்டவில்லை. அவன் நிற்கிற இடத்தில் போய் நின்று பார்த்தது. முகமெல்லாம் வேர்த்தது.

"இந்தக் காத்துக்கு ஆகற கரண்டுல எத்தனையோ ஃபேன் ஓடும்ணா. முதல்ல ஃபேன் வைங்க, அப்புறம் ஓட்டையை அடைங்கன்னு எழுதறேன்."

எழுதியது. நான் பார்த்தேன்.

திங்கட்கிழமையே ஓட்டையை அடைக்கச் சொன்னார் மேனேஜர். வெல்டு வைத்ததும் நான்தான். ஃபேனுக்கு விலை கேட்டிருக்கிறோம் என்றார்கள். சாயங்காலம் டீக்கடையில் தோஸ்து கேட்டான்: "இன்னா மாமு, கரண்டு மிச்சமாச்சா?"

மறுநாள் நம் வூட்டு டேபிள் ஃபேனைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ரிப்பேருக்குக் கொடுத்ததாக உங்களிடம் சொன்னேன். விம்கோ நகரில் நம் ஷீட்டுக் கூரைக்குக் கீழே, நீங்கள் அட்டையால் விசிறிக்கொண்டு பரீட்சைக்குப் படித்தீர்கள். கம்பெனி ஃபேன் வந்தது மழைக்காலத்தில்தான்.

நம் ஃபேன் திரும்பி வந்தபோது இறக்கையெல்லாம் கருப்பு. அம்மா தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் போகவில்லை. எந்த மெக்கானிக் இப்படிக் கலீஜ் பண்ணி வைத்தான் என்று திட்டினீர்கள். அது உலைத் தூசு, பிள்ளைகளா. எந்த மெக்கானிக்கும் அதைத் தொடவில்லை.