கோப்பித் தட்டோடு ஒரு நேர்முகத் தேர்வு

ரெம்பியா டவுனிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த யோசனை எனக்கு உதித்தது. கூட வந்த பக்கத்து வீட்டுத் தங்கச்சி, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் முடித்து, ஆசிரியர் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அடுத்த வாரம் மலாக்காவில் நேர்முகத் தேர்வு. "உன்னப் பத்திச் சொல்லு" என்று சும்மா கேட்டேன்.

"அப்பா தோட்டத்துல செம்பனைக் குலை வெட்டுறாரு, அண்ணன் பேக்டரியில..." என்று குடும்பத்தையே வரிசையில் நிறுத்தினாள்.

"அதுல நீ எங்கடி?"

"நம்மளப் பத்தி நம்மளே எப்படிக்கா சொல்றது?"

கல்லூரி கிடைக்காவிட்டால் அதே பேக்டரியில் அவளுக்கும் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்த எனக்கோ, கண்ணில் பட்டதையெல்லாம் திருத்திவிடும் வேகம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் ஒத்திகை என்று அறிவித்துவிட்டேன்.

அதிகாரியாக நடிக்க ஸ்கூல் பஸ் ஓட்டும் மாமாவைப் பிடித்தேன். தேர்வு மலாயில்தான் நடக்கும்; மாமா மலாய் வெளுத்து வாங்குவார். முழுக்கைச் சட்டை, பவுடர், சென்ட் சகிதம் வந்தார். கூடவே பட்டுப்புடவையில் அத்தை. விருந்தாளிகளைக் கண்டதும் தங்கச்சியின் அம்மா கேசரி கிளற உள்ளே போய்விட்டார்.

"மாசோக்" என்று மாமா அதிகாரத்தோடு உள்ளே அழைத்தார். வாசல் கதவைத் தட்டி வர வேண்டியவள், அடுப்படியிலிருந்து கோப்பித் தட்டோடு தலை குனிந்து வந்தாள். எல்லாருக்கும் நீட்டிவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். அவளுக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது.

"என்னா சமைக்கத் தெரியும்?" என்றார் அத்தை.

"அத்தே, இது இண்டர்வியூ."

"ஏன், டீச்சருங்க சாப்பிட மாட்டாங்களா லா?"

எதிர்வீட்டுப் பெரியம்மா சன்னலில் எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளையக் காணோமே?"

"மாப்பிள்ளை இல்லக்கா, காலேஜி" என்றார், கேசரிக் கரண்டியோடு வந்த தங்கச்சியின் அம்மா.

"காலேஜிலயா வேலை பாக்குறாரு?"

மாமா மட்டும் கடமை தவறவில்லை. அவளுடைய திறமை என்னவென்று மலாயில் கேட்டார்.

"அப்படி ஒண்ணும் இல்லீங்க மாமா" என்றாள், சுத்தத் தமிழில்.

அம்மா பூரித்துப்போனார். "பாத்தீங்களா, கொஞ்சமும் பெருமை கிடையாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "கோயில் மண்டபத்துல தினமும் பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறது யாரு?"

"அது சும்மாக்கா."

மாமா கோப்பியைக் கீழே வைத்தார். "என் பஸ்ஸுல வர்ற பசங்க பூரா ஒன் பேச்சுத்தான் பேசுதுங்க. அது சும்மாவா?"

அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

மறுநாள் ஒத்திகையை மாமாவின் பஸ்ஸுக்குள் வைப்பதென்று முடிவானது. அங்கே அடுப்படி கிடையாது. அம்மாவுக்கும் அத்தைக்கும் அனுமதி இல்லை. கதவைத் தட்டிவிட்டு ஏற வேண்டும்; கையில் சான்றிதழ் கோப்பு மட்டும்; உட்கார்ந்த பிறகு, முதல் வார்த்தை 'நான்'.