எல்லா முட்டையிலும் ஒன்று அதிகம்

முட்டையக்காவிடம் அவர் வேலை பார்த்த அறையைப் பற்றிக் கேட்டால், இன்றைக்கும் முதலில் அதன் வெதுவெதுப்பைத்தான் சொல்வார். ஆராய்ச்சிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் முட்டைகளை அடைகாத்தவர் அவர். கோழிக்குப் பதில் ஒரு மின்பெட்டி. மூன்றாம் நாள் ஓட்டில் நகமளவு சன்னல் வெட்டி டேப் ஒட்டுவார். எட்டாம் நாள் திறந்தால் சவ்வு முழுக்க ரத்தக்குழாய்கள், சிவப்பு இழைகளாக. “பாரு, ஊருக்கு ரோடு போட்டாச்சு” என்று ஒவ்வொரு முறையும் பூரித்துப்போவார்.

சர்க்கரை நோயில் கண்ணுக்குள் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துப் பார்வையைக் கெடுக்கும். ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த மஞ்சள் பொடி அதைத் தடுக்குமா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. பொடி தோய்த்த காகித வட்டத்தைச் சவ்வின்மேல் வைத்து, இரண்டு நாள் கழித்து அதைச் சுற்றியுள்ள குழாய்களை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். எந்த முட்டையில் பொடி, எதில் வெறும் தண்ணீர் என்று எண்ணுகிறவருக்குச் சொல்ல மாட்டார்கள். தனித்தனியாக இரண்டு பேர் எண்ணுவார்கள்: அக்கா, அப்புறம் அவர் ‘சோடாபுட்டி’ என்று கூப்பிடும் கண்ணாடிக்காரப் பெண்.

அக்காவுக்கும் சர்க்கரை உண்டு. மாத்திரையோடு சரி, கண்ணை யாரிடமும் காட்டியதில்லை.

ஒரு மழைக்காலத்தில் இருவர் எண்ணிக்கையும் இடித்தது.

“அக்கா, எனக்குப் பதினொண்ணு, உங்களுக்குப் பன்னெண்டு. ஒரு மாசமாவே எல்லாத்துலயும் ஒண்ணு கூட.”

“முதல்ல உன் கண்ணாடியைத் துடைச்சிட்டு வாடி. நீ ஸ்கூல் போறதுக்கு முன்னாடியே எண்ண ஆரம்பிச்சவ நான்.”

அவள் சிரித்துக்கொண்டே போனதும் அக்கா அந்தப் பன்னிரண்டாவதைத் தேடினார். முட்டையை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதத்தை வைத்தார். இழை அங்கேயும் இருந்தது. பார்வை நகர்ந்தால் கூடவே மிதந்து வந்தது. வலது கண்ணை மூடினார். காணோம்.

சொன்னால் நுண்ணோக்கி முன்னால் இருக்கும் அந்த நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால் ஒரு மாத எண்ணிக்கை பொய். தானே தின்று பார்க்கலாமா என்று மஞ்சள் பொடி டப்பாவைக்கூடக் கையில் எடுத்தார். முட்டையில்தான் இன்னும் சோதனை. மனுஷியிடம் யார் சோதித்தார்கள்? இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பேராசிரியர் அறைக்குப் போனார்.

“சார், ஒரு மாசமா நான் எண்ணினதை அடிச்சிடுங்க. கூட இருக்கிறது முட்டையில இல்ல, என் கண்ணுல.”

பேராசிரியர் பேனாவை மூடினார். “முதல்ல கண் டாக்டர்கிட்ட கிளம்புங்கம்மா. முட்டை எங்கேயும் ஓடிடாது.”

“பொரிச்சா ஓடும் சார்.”

கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருந்தது. லேசர் வைத்தார்கள், பார்வை தப்பியது. ஆனால் அந்த நாற்காலியில் அவர் பிறகு உட்காரவில்லை. ஓய்வு பெறும்வரை சன்னல் மட்டும் வெட்டினார். சோடாபுட்டி அவர் காதில் விழும்படி உரக்க எண்ணுவாள்.

இப்போதும் காலையில் எழுந்ததும் ஒரு கண்ணை மூடி வெள்ளைச் சுவரைப் பார்ப்பார். அவள் போன் செய்தால் முதல் கேள்வி அதுதான்.

“இன்னைக்கு எத்தனைக்கா?”

“ஒண்ணுமில்லடி. சுவர் சுவராத்தான் இருக்கு.”