ஜப்பான்காரியும் என் இடது காலும்

அந்த ஜப்பான்காரி கால்பந்து ஆட்டத்தை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் தன் வீட்டு வாசலில் நின்று பந்தைத் தட்டித் தட்டி வீடியோ போட்டால் லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். பாஷை புரியாமலே நானும் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு நானும் மாவட்ட அணியில் ஆடியவள்தான். அவள் விட்டபோது மைதானமே எழுந்து நின்று கைதட்டியிருக்கிறது. நான் விட்டதை ஒருத்தரும் கவனிக்கக்கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது, சொல்வதற்கு என்ன வெட்கம்?

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. நாளெல்லாம் குழிக்குள் காலை விட்டு மிதிகட்டையை மிதிப்பவள் நான். அவளைப் பார்த்த நாளிலிருந்து கால் ஓர் இடத்தில் நிற்காது. மிதி தப்பும், இழை அறும்.

"இன்னா, காலுல எறும்பு பூந்துக்கிச்சா?" என்றார் வீட்டுக்காரர். "கும்பி கூழுக்கு அழுவுது, கொண்டை பூவுக்கு அழுவுதாம்."

"அழுவட்டும்யா. உனுக்கு இன்னா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வெளியே போனதும், பத்தாவது படிக்கும் மகளிடம் போனைக் கொடுத்தேன். தறி இருக்கும் கூடம்தான் வீட்டில் வெளிச்சமான இடம். தறியண்டை செருப்பு போடக் கூடாது. நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலில் ஆடினேன். பந்து தரையில் படாமல் ஐம்பத்தாறு தட்டு, முக்கால்வாசி இடது காலில். "செமம்மா!" என்று கத்திக்கொண்டே மகள் அப்படியே போட்டுவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் பார்த்திருந்தார்கள். கமெண்டுகளைப் படித்தேன். 'பின்னாடி இருக்குற சேலை என்ன விலை?' 'பார்டர் என்ன கலர்?' 'முந்தியக் கொஞ்சம் காட்டுங்க.' என் காலைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பாவிகளா, முன்னால் ஒருத்தி குதிப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா?

அப்போதுதான் என் முட்டாள்தனம் உறைத்தது. தறியில் இருந்தது முதலாளி நூலும் டிசைனும் கொடுத்து நெய்யச் சொன்ன புதுச் சேலை. கடைக்குப் போய்ச் சேரும்வரை அதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் காட்ட மாட்டோம். வெளியாள் வந்தால் துணியைப் போட்டு மூடுவோம். பார்த்துவிட்டால் ஒரே வாரத்தில் விசைத்தறியில் காப்பி அடித்துவிடுவார்கள். நான் உலகத்துக்கே காட்டியிருந்தேன்.

முதலாளி என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். அவர் கத்தியது எனக்கே கேட்டது. "இப்பவே எடுக்கலன்னா பாவை அறுத்துக்கினு போயிடுவேன்பா!" தறியில் பூட்டிய பாவு நூல் போனால் எங்களுக்கு வேலையே கிடையாது.

வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். "நீயே எடுத்துடும்மா" என்றார்.

"செவுத்தாண்ட நின்னு வேற எடுக்கலாம்மா" என்றாள் மகள். எனக்கு மனசு கேட்கவில்லை. கமெண்டுகளைக் கடைசிவரை தள்ளிக்கொண்டே போனேன். அத்தனை சேலைக்கு நடுவில் ஒன்று இருந்தது: 'அக்கா, லெஃப்ட் ஃபுட் சூப்பர். எந்த பொசிஷன் ஆடுனீங்க?'

வீட்டுக்காரரின் போன் மறுபடி அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, 'லெஃப்ட் விங்' என்று டைப் செய்து அனுப்பினேன். ஒரு நிமிஷம் காத்திருந்தேன். வீட்டுக்காரர் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். அழித்தேன்.

வீடியோவோடு அந்தக் கேள்வியும் போய்விட்டது. கேட்டவர் என் பதிலைப் படித்தாரா என்று எனக்குத் தெரியாது.