தூண் பக்கத்தில் யார் நிற்பது?

எங்கள் தையல் கடைக்கு எதிரே உள்ள பழைய கல்மண்டபத்தைப் பழுதுபார்க்க மாநகராட்சி டெல்லியிடம் நிதி கேட்கிறதாம். அதற்காக இன்று போட்டோ எடுக்க வந்தார்கள்.

"பாப்பா, தூணோட உயரம் தெரியணும். பக்கத்துல வந்து நில்லு," என்று போட்டோக்காரர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்.

"நான் வரலண்ணே," என்று மிஷினுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன்.

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜெனிபர் ஓடிப்போய் நின்றாள். ஒன்பதாவது வரை என்னோடு படித்தவள். நான் அதோடு நின்றுவிட்டேன், அவள் இப்போது கல்லூரியில்.

"எம் போட்டோ டெல்லி வரைக்கும் போகுதுடி! இம்புட்டு நாளா எதிர்லயே இருந்து நீ என்னத்தக் கண்ட?"

அந்த மண்டபத்து நிழலில் தினமும் சோறு சாப்பிடுகிறவள் நான்.

எல்லோரும் போனபின் அதே தூணருகே நின்று செல்பி எடுத்தேன். இங்கே போட்டிருப்பது அதுதான். அவள் மறைத்து நின்ற தூணின் விரிசல் இதில் பளிச்சென்று தெரிகிறது.

மாநகராட்சி வந்து கேட்டால் இந்தப் படத்தைக் கொடுக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.