மஞ்சள் மட்கார்டு

லமார் ஹேட்ச் மாதிரி மலையில் வண்டி ஓட்ட ஆளில்லை என்று ஊரே சொல்லும். ஊர் சொல்வதில் பாதி எப்போதுமே பொய். இதில் முழுசும் பொய். மோவாப் ஊருக்குத் தெற்கே அந்தச் செம்பாறைப் பூமியில் லமாரைவிடப் பயந்த மனிதர் ஒருவர் இருந்திருக்க முடியாது. புதன்கிழமை சாயங்காலமே அவருக்குப் பயம் பிடித்துவிடும், ஏனென்றால் வியாழக்கிழமை அவர் கழுதை விளிம்பில் ஏறியாக வேண்டும்.

கழுதை விளிம்பு என்பது மலையின் இடுப்பில் வெட்டிய ஒற்றைத் தடம். ஏறும்போது வலது பக்கம் பாறைச் சுவர். இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அந்த நாட்டு வண்டிகளில் ஓட்டுகிறவர் உட்கார்ந்திருப்பதும் அந்த இடது பக்கத்தில்தான். மேலே மேட்டு மேய்ச்சலில் மைத்துனரின் மாடுகள் நின்றன. அவற்றுக்குத் தண்ணீர் இறைக்கும் காற்றாடியையும் தொட்டியையும் வாரம் ஒருமுறை பார்த்து வருவது லமாரின் பொறுப்பு. மற்ற நாட்களில் அவர் பள்ளிக்கூடப் பஸ்களுக்கு மெக்கானிக். மைத்துனர் கேட்டபோதே முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். பெண் எடுத்த வீட்டில் போய்ப் பயமாக இருக்கிறது என்று எந்த ஆம்பளை சொல்வான்?

சின்ன வயதில் பெரியப்பாவோடு அதே விளிம்பில் ஒருமுறை போயிருந்தார். பின்சக்கரம் நழுவி வண்டி வெளிப்பக்கம் சாய்ந்தது. பெரியப்பா சிரித்துக்கொண்டே மேலே ஏற்றிவிட்டார். லமாருக்குக் கால்சட்டை நனைந்துபோனது. அதைப் பெரியப்பா யாரிடமும் சொல்லாமலே செத்தும் போனார். அந்தப் பயம் மட்டும் சாகவில்லை.

பயந்தவன் பிழைக்க ஒரு வழி கண்டுபிடிப்பான். லமார் கண்டுபிடித்தது வலது முன் மட்கார்டு. ஜீப்பின் அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் மட்கார்டைப் பாறைச் சுவரில் லேசாக உரசவிட்டுக்கொண்டே ஏறுவார். சர்ர்ர் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற வரை இடது சக்கரங்கள் தடத்துக்குள்ளேதான் இருக்கின்றன என்று அர்த்தம். வெளியே எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கண் தெரியாதவர் கைத்தடியால் தட்டிக்கொண்டு நடப்பது போல அவர் மட்கார்டால் தடவிக்கொண்டு ஏறினார். இருபது வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு வியாழனும் இதுதான் கதை.

அந்த ஊரில் மட்கார்டில் விழுந்த கீறல்தான் மரியாதை. பெயிண்ட் அடித்து மினுக்கிக்கொண்டு வரும் ஜீப்புகளை 'கடைத்தெரு வண்டி' என்று கேலி செய்வார்கள். பெட்ரோல் பங்க்கில் இரண்டு பேர் சேர்ந்தால் கறுப்பா, கலரா என்று சண்டை கிளம்பிவிடும். அப்போதெல்லாம் கறுப்புக் கட்சிக்காரர்கள் லமாரின் வண்டியைத்தான் காட்டுவார்கள்.

"பாருடா, லமார் அண்ணன் வண்டிய. சுவத்துக்கும் வண்டிக்கும் ஒரு நூல் இடம் விடாம, என்ன வேகத்துல போனா இப்படித் தேயும்! தைரியம்னா அது!"

லமார் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவர் மனைவி ஆர்டித்தும் அப்படித்தான் நினைத்தாள். அவளுக்குப் புருஷனைப் பற்றிச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. பணமும் இல்லை, பதவியும் இல்லை, தலைமுடியும் போய்விட்டது. "எங்க வீட்டுக்காரருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று சர்ச்சில் சொல்லிக்கொண்டு திரிவாள். அவளுடைய ஒரே குறை, அந்த மட்கார்டு. வெயிலில் வெளுத்து, தேய்ந்து, சாம்பல் பூத்துக் கிடந்தது. தங்கை நேடா ஒருநாள், "உன் புருஷன் தைரியசாலிதான், ஆனா வண்டி கிழட்டு எருமை மாதிரில்ல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். ஆர்டித்துக்குப் பொறுக்கவில்லை.

கல்யாண நாள் பரிசாக இருக்கட்டும் என்று, லமார் வெளியூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது ஜீப்பை வெல்டனின் பெயிண்டிங் பட்டறைக்கு ஓட்டிப் போனாள்.

வெல்டன் தலையைச் சொறிந்தான். "அக்கா, மலைக்குப் போற வண்டிக்கு இது வேணாம். கறுப்புன்னா மேல பூசினதில்ல, உள்ளயும் கறுப்பு. கீறினா யாரும் அழ மாட்டாங்க. பெயிண்ட் அடிச்சா ஒவ்வொரு கீறலுக்கும் வயிறு எரியும்."

"என் புருஷன் வயிறு எரியற ஆளில்லடா. நீ அடி."

வண்டியின் மஞ்சளிலேயே மட்கார்டும் மஞ்சளானது. பட்டி பார்த்து, தேய்த்து, முகம் பார்க்கலாம் போல மெருகேற்றிக் கொடுத்தான் வெல்டன். ஊர் திரும்பிய லமாரின் கண்ணை மூடிக் கூட்டிவந்து வாசலில் நிறுத்தினாள்.

"எப்படி இருக்கு?"

லமார் மட்கார்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். "அழகா இருக்கு ஆர்டி" என்றார். அது பொய்யும் இல்லை.

"நாளைக்கு வியாழன்தானே. நானும் வரேன். இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கியா? சீஸ் போட்ட உருளைக்கிழங்கு பண்ணியாச்சு. மேல உக்காந்து சாப்பிடலாம்."

அன்று படுத்தவர் தூங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லலாமா, பிரேக் சரியில்லை என்று சொல்லலாமா என்று புரண்டார். மெக்கானிக் வண்டியில் பிரேக் சரியில்லை என்றால் யார் நம்புவார்கள்?

காலையில் விளிம்பின் அடிவாரத்துக்கு வரும் வரை ஆர்டித் பேசிக்கொண்டே வந்தாள். தடம் குறுகத் தொடங்கியது. லமார் தாழ்ந்த கியருக்கு மாற்றினார். வழக்கமாக இந்த இடத்தில்தான் ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒரு சிட்டிகை திருப்புவார், சத்தம் தொடங்கும், மூச்சு இறங்கும். இன்று கண்ணாடிக்கு முன்னால் அந்த மஞ்சள் மட்கார்டு வெயிலில் பளபளத்தது. பக்கத்தில் அதை அடித்துக் கொடுத்தவள் மடியில் சாப்பாட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். கை திரும்ப மறுத்தது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டுப் போனார்.

ஒரு சாண்தான். ஆனால் அந்த ஒரு சாணை இடது பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சத்தமே இல்லை. சக்கரத்தடியில் சரளை நொறுங்குவது மட்டும் கேட்டது. இடது சக்கரம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஜன்னல் வழியே கீழே பார்க்க வேண்டும். இருபது வருஷமாகப் பார்க்காததை இன்று பார்த்தார். பள்ளத்தாக்கின் அடியில் ஆறு ஒரு பழுப்பு நூலாகக் கிடந்தது.

வளைவில் பின்னால் ஏதோ சரிந்தது. கல்லொன்று விளிம்பிலிருந்து கழன்று விழுந்தது. அது தரையைத் தொட்ட சத்தம் வர ரொம்ப நேரமானது. வண்டியின் பின்பக்கம் மெல்ல, மிக மெல்ல, இடது பக்கம் தாழ்ந்தது.

லமார் பிரேக்கை மிதித்தார். மிதித்த கால் அப்படியே இறுகிவிட்டது.

"என்ன நின்னுட்டே?" என்றாள் ஆர்டித்.

அவர் முன்னால் தடத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லமார்?"

திரும்பிப் பார்த்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அப்படி ஒரு முகத்தை அவள் அவரிடம் பார்த்ததே இல்லை.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல." பல்லோடு பல் அடித்தது. "பயமா இருக்கு ஆர்டி. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவும்."

மறுபடி ஒரு கல் விழுந்தது. இருவரும் அது தரையைத் தொடும் வரை மூச்சுவிடவில்லை.

"அந்தப் பக்கம் உரசிக்கிட்டே போவேன்" என்றார் லமார். வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "சத்தம் கேட்டாத்தான் தைரியம். சத்தம் கேட்டாத்தான் விளிம்பு எங்கன்னு தெரியும். அந்தக் கீறல் எல்லாம் அதான். வேகமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

ஆர்டித் மட்கார்டைப் பார்த்தாள். பாறைச் சுவர் அதில் மஞ்சளாகத் தெரிந்தது.

"அப்போ உரசு."

"நீ ஆசையா அடிச்சது..."

"லமார் ஹேட்ச், நாம ரெண்டு பேரும் சாகறதுக்கா அதை அடிச்சேன்? உரசுன்னா உரசு!"

"கை வரமாட்டேங்குது."

வரவில்லைதான். பயம் முழங்கை வரை கட்டிவிட்டிருந்தது. ஆர்டித் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் காலடியில் வைத்தாள். உடம்பைச் சாய்த்து, அவர் கைகளின் மேல் தன் கைகளை வைத்து, ஸ்டீயரிங்கை வலது பக்கம் இழுத்தாள்.

"பிரேக்கை விடு. கொஞ்சமா விடு. நான் பிடிச்சிருக்கேன்."

லமார் காலை மெல்ல ஆக்சிலரேட்டருக்கு மாற்றினார்; வண்டி மேலே ஊர்ந்தது. பின்சக்கரம் ஒருதரம் வெறுமனே சுற்றி, கல்லைக் கவ்வியது. பிறகு மட்கார்டு சுவரில் மோதியது. கறுப்புப் பிளாஸ்டிக்கின் சர்ர் இல்லை இது; பெயிண்ட் உரியும் கிறீச். பல் கூசியது. ஆனால் லமாருக்குத் தேவாலயத்து மணியே அடித்தாலும் அவ்வளவு இனிமையாக இருந்திருக்காது. மூச்சு வந்தது. மூச்சோடு அழுகையும் வந்தது. அழுதுகொண்டே ஓட்டினார். ஆர்டித் மேலே போய்ச் சேரும் வரை கையை எடுக்கவில்லை.

காற்றாடிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தார்கள். மஞ்சள் நீள நீளமாக உரிந்து, உள்ளே பழைய கறுப்பு தெரிந்தது. லமார் குற்றவாளி போல நின்றார்.

ஆர்டித் உரிந்த இடத்தை விரலால் தடவினாள். "இத்தனை வியாழக்கிழமையும் தனியாவா பயந்துக்கிட்டு வந்தே?" என்று மட்டும் கேட்டாள்.

உருளைக்கிழங்கு ஆறிப்போயிருந்தது. அப்படியே சாப்பிட்டார்கள். இறங்கும்போது சுவர் அவர் பக்கம் வந்தது. "இந்தப் பக்கத்து மட்கார்டையும் உரசி முடிச்சுடு" என்றாள் ஆர்டித்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நேடா வண்டியைப் பார்த்துவிட்டாள். கூடவே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"அடிப்பாவி, ஒரு வாரம்கூட ஆகலையே! உன் புருஷனுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்கா?"

லமாரின் காது சிவந்தது. வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார் போலத்தான் இருந்தது. ஆர்டித் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வியர்த்திருந்தது, ஆனாலும் விடவில்லை.

"அவரை ஏன்டி கேக்கறே?" என்றாள். "நான்தான் கீறினேன். வர்ற வியாழக்கிழமையும் நான்தான் போறேன்."